பலன் கேட்காத பணமும் வேண்டும்

2021 மே 27 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவெளியில் பரப்பி வைக்கப்பட்டிருக்கும் உணர்கருவிகளில் 23 கருவிகள் ஒரே நேரத்தில் துடித்தன. விண்ணிலிருந்து வந்து காற்றில் மோதிச் சிதறிய ஒற்றைத் துகள்தான் காரணம். அதன் ஆற்றல் 244 எக்ஸா எலக்ட்ரான் வோல்ட். ஜெனீவா அருகே பூமிக்கடியில் உள்ள மாபெரும் முடுக்கியில் ஒரு புரோட்டானுக்கு ஏற்ற முடிந்த ஆற்றலைப் போல இது ஏறக்குறைய மூன்றரைக் கோடி மடங்கு. ஜப்பானியர்களின் சூரிய தேவதையான அமதெராசுவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அது வந்த திசையிலோ விண்மீன் மண்டலங்கள் அரிதாகவே உள்ள வெற்றுவெளிதான் தெரிகிறது. எது அதை ஏவியது என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வி உடனே எழும். நேரடி லாபம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே நேர்மையான பதில். அப்படியிருந்தும் இந்த ஆய்வுக்கு அரசு தொடர்ந்து பணம் தர வேண்டும், அதுவும் மூன்றாண்டுத் திட்டம் என்ற அளவுகோலை விட்டுவிட்டுத் தர வேண்டும் என்கிறோம்.

100 எக்ஸா எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டும் துகள்கள் ஒரு சதுர கிலோமீட்டரில் நூறாண்டுக்கு ஒன்று விழுந்தாலே அதிகம். அர்ஜென்டினாவின் மலார்குவே ஊரருகே 3,000 சதுர கிலோமீட்டரில் 1,660 தண்ணீர்த் தொட்டிகளை ஒன்றரை கிலோமீட்டர் இடைவெளியில் நிறுத்திப் பியேர் ஒஷே ஆய்வகம் காத்திருப்பது அதனால்தான். 2004-ல் பதிவைத் தொடங்கிய அந்த ஆய்வகம், 8 எக்ஸாவுக்கு மேற்பட்ட துகள்கள் நம் பால்வீதிக்கு வெளியிலிருந்து வருகின்றன என்று உறுதியாகச் சொன்னது 2017-ல். நடுவில் ஒரு தணிக்கை அதிகாரி போய் மூன்றாண்டுச் சாதனை என்ன என்று கேட்டிருந்தால் அவர்கள் எதைக் காட்டியிருப்பார்கள்?

நம் ஊட்டியிலும் இப்படி ஒரு காத்திருப்பு நடக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3, ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் விண்ணிலிருந்து வரும் இத்தகைய துகள்களான காஸ்மிக் கதிர்களை இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கிறது. அமதெராசு போன்ற துகளைப் பிடிக்க அதன் பரப்பு போதாது. அது ஆராய்வது அதற்குக் கீழுள்ள ஆற்றல்களை. ஆனால் அந்தக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூயான் துகள்களைப் பதியும் அதன் மியூயான் தொலைநோக்கி உலகிலேயே பெரியது. ஆறு மீட்டர் நீளமுள்ள 3,712 இரும்புக் குழாய்களால் ஆனது; அந்தக் குழாய்கள் கோலார் தங்கச் சுரங்கத்தில் புரோட்டான் சிதைவைத் தேடிய பழைய சோதனையிலிருந்து வந்தவை. துகள் பாயும்போது மின்னி ஒளிரும் சிண்டிலேட்டர் பிளாஸ்டிக்கையும் வெளிநாட்டில் வாங்காமல் ஊட்டி ஆய்வகத்திலேயே வார்த்தெடுத்தார்கள்.

புதுமைப் பொருள்கள் என்றால் நம் அமைச்சகங்களுக்குப் பேட்டரியும் சிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆண்டுக்கணக்கில் ஒளி மங்காத பிளாஸ்டிக், குளிரையும் ஈரத்தையும் தாங்கும் உறை, மங்கிய ஒளியையும் வீணாக்காமல் கடத்தும் இழை ஆகியவையும் பொருளறிவியலின் கடினமான கேள்விகள்தாம். அர்ஜென்டினாவில் தொட்டிகளின் தலையில் இப்போது பொருத்தியிருப்பதும் சிண்டிலேட்டர்ப் பலகைகளே. இந்தக் கைத்திறன் பாடப்புத்தகத்தில் கிடைக்காது. பட்டறையில் ஒருவரிடமிருந்து இன்னொருவர் கற்பது. ஒரு தலைமுறைத் தொழில்நுட்பர்கள் ஓய்வுபெற்று அந்த இடங்கள் காலியாகக் கிடந்தால் அதோடு போய்விடும்.

தொடர்ந்து பதிவு செய்ததால் என்ன கிடைத்தது? 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே கடந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை மியூயான் எண்ணிக்கையில் ஏற்பட்ட சரிவிலிருந்து கணித்து 2019-ல் வெளியிட்டார்கள். இடிமேகங்களில் அவ்வளவு அழுத்தம் இருக்கலாம் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1920-களில் ஊகித்ததற்கு இது சான்றானது. இடிமேகத்தை ஆராய்கிறோம் என்று விண்ணப்பம் போட்டு அமைத்த கருவி அல்ல அது.

பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாத நாட்டில் இதெல்லாம் தேவையா என்பது எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. ஆனால் பழைய குழாய்களை மறுபடி பயன்படுத்தும் ஆய்வகமா கூரைப் பணத்தை விழுங்கிவிட்டது? இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இவர்களின் சிக்கனத்தை மேடைதோறும் புகழ்வதே நிதி மறுப்பதற்கு வசதியான சாக்காகிவிடுகிறது.

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 0.64 விழுக்காடு. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, புத்தாக்கத் திட்டமும் தொழில்நுட்பம் ஓரளவு முதிர்ந்த பிறகு தனியார் நிறுவனங்கள் பெறும் கடன், முதலீடு போன்றவற்றுக்கானது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சந்தைக்கு அருகில் வந்தவர்களுக்கு மட்டும் கதவு திறந்தால், விஞ்ஞானிகள் தங்கள் விண்ணப்பங்களில் இல்லாத பயன்களை எழுதத் தொடங்குவார்கள். பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும் நிதிமுறை அறிவியலுக்கு நல்லதல்ல.

தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை நீண்டகாலப் பதிவுகளுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். 15 ஆண்டுகளுக்கு இயக்கச் செலவை உறுதி செய்துவிட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை துறை அறிந்தவர்கள் பதிவின் தரத்தைச் சோதிக்கட்டும். தரம் குறைந்தால் நிறுத்தவும் செய்யட்டும். பட்டறைத் தொழில்நுட்பர் பணியிடங்கள் ஒப்பந்த வேலைகளாகச் சுருங்கக் கூடாது. தமிழக அரசுக்கும் இதில் பங்குண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களின் இயற்பியல், பொருளறிவியல் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் சில முனைவர் பட்ட மாணவர்களை உதவித்தொகையோடு ஊட்டிக்கு அனுப்ப ஓர் ஒப்பந்தம் போதும். மாநில பட்ஜெட்டின் கணக்கில் அது பெரிய தொகை அல்ல. அடுத்த பட்ஜெட்டிலேயே அறிவிக்கலாம்.