மாற்றார் கண்ணும் மீஸான் தட்டும்

சில காலத்துக்கு முன் ஒரு சிறுகதை எழுதினேன். மிளகுக் காலம். மலையடிவாரத்திலிருந்து ஒரு சிங்கள விவசாயி மூட்டையோடு நம்மவர் கடைக்கு வருகிறார். மிளகு நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஆனாலும் ‘ஈரம்’ என்று சொல்லி மூட்டைக்கு இரண்டு கிலோ கழிக்கிறார் முதலாளி. கணக்கை முடித்துவிட்டு லுஹருக்குப் பள்ளிக்குப் போகிறார். கதை அவ்வளவுதான். ஒரு தொகுப்புக்கு அனுப்பினேன், திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: கதை நன்று, ஆனால் இந்தக் காலத்தில் இது மாற்று மதத்தவர் கண்ணில் பட்டால் நம்மை என்ன நினைப்பார்கள்?

வருத்தமில்லை என்றால் அது பொய். ஆனால் என் கதைக்காக வாதாட நான் இங்கு வரவில்லை. அந்தக் குறிப்பிலுள்ள கேள்விதான் உறுத்துகிறது. நம் எழுத்தில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எழுதப்படுகிறது.

இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை வாசித்தார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். சட்டநிரூபண சபையில் நமக்கென ஓர் ஆசனம் இருக்க வேண்டுமா என்ற அரசியல் பின்னால் இருந்தது. அந்த மறுப்பு எழுதப்பட்டிருக்கத்தான் வேண்டும். தவறு அதற்குப் பிறகு நடந்தது. சபைக்குச் சொன்ன பதிலை நாம் ஈமானின் ஒரு கிளைபோல ஆக்கிக்கொண்டோம். கோத்திரங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே, மேன்மை தக்வாவில்தான் என்று ஸூரத்துல் ஹுஜுராத் எப்போதோ முடித்துவைத்த விவகாரம் அது.

2019 ஏப்ரல் 21க்குப் பின் அந்நியக் கண் நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பயம் நியாயமானது. அடுத்த மாதமே மினுவாங்கொடையில் கடைகள் எரிந்ததைக் கண்டோம். அறபுப் பலகைகளை இறக்கினோம், உடுப்பை மாற்றினோம். ஹசலகவில் ஒரு பெண்ணின் ஆடையிலிருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி அவரை விளக்கமறியலில் வைத்தார்கள். சுக்கானைச் சக்கரமாகக் காணும் கண்ணுக்கு முன் எதை உடுத்திக்கொண்டு நிற்பது?

2020 மார்ச் இறுதியிலிருந்து கொரோனா ஜனாஸாக்களை எரித்தார்கள். அப்போதும், சத்தம் போடாதீர்கள், விஞ்ஞானம் தெரியாதவர்கள் என்பார்கள் என்று நம்மில் படித்தவர்களே சொல்லக் கேட்டேன். பிறந்து இருபது நாளான குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளைக் கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்டப்பட்டது அதன் பிறகுதான். கட்டியவர்களில் மற்றச் சமூகத்தவரும் இருந்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்க அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. வாய்பொத்தி நின்று நற்சான்றிதழுக்குக் காத்திருந்தவர்கள் இதில் எதைச் சாதித்தார்கள்?

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. எவன் என்ன நினைத்தால் என்ன, அல்லாஹ் போதும் என்பார்கள். கேட்க ஈமான்போல இருக்கும். பெரும்பாலும் அது கடனைத் திருப்பிக் கொடுக்காதவனின் பேச்சு. நான் நன்மை செய்தேனா என்று எப்படி அறிவது எனக் கேட்டவரை நபிகளார் (ஸல்) அயலவரின் சொல்லைக் கேட்கச் சொன்னதாக இப்னு மாஜாவில் வருகிறது. பத்திரிகைக்காரன் கண் வேறு, அயலவன் கண் வேறு. முன்னது நம் தொப்பியைப் பார்க்கிறது, பின்னது நம் தராசைப் பார்க்கிறது. அளவையில் மோசம் செய்வோருக்கான எச்சரிக்கையோடுதான் ஒரு ஸூராவே தொடங்குகிறது.

ஆசிரிய கலாசாலையில் படித்த காலம் ஞாபகம் வருகிறது. கற்பித்தல் பயிற்சியின்போது விரிவுரையாளர் பின்வாங்கில் வந்து உட்கார்ந்தால் போதும், பிள்ளைகளை விட்டுவிட்டு அவருக்குப் படிப்பிப்போம். கரும்பலகை எழுத்து அழகாகிவிடும். முன்வாங்குப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. நம் கதைகளிலும் பிக்குவும் மௌலவியும் வெள்ளத்தில் ஒரே தோணியில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த வேளையில் பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்தபோது நபிகளார் (ஸல்) முகம் சுளித்துத் திரும்பியதற்காக ‘அபஸ’ இறங்கியது. தலைவர்கள் தீனுக்குள் வரவேண்டும் என்ற தூய நோக்கம் அவர்களுக்கு இருந்தது. அப்படியிருந்தும் கண்டிப்பு வந்தது. பெரிய மனிதர் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு எழுதும் நமக்கு அந்த நோக்கம்கூடக் கிடையாது.

கதையைத் திருப்பியவருக்கு ஒன்றை எழுத மறந்துபோனேன். அது மாற்று மதத்தவருக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. மூட்டை அவருடையது. வீட்டிலேயே நிறுத்துக் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார். இரண்டு கிலோ போகும் என்பதும் தெரியும். கடையில் ஒன்றும் பேசுவதில்லை, காசை எண்ணி வாங்கிக்கொண்டு ‘போய் வருகிறேன் நானா’ என்கிறார். ஊருக்குப் போய் என்ன சொல்கிறார் என்பது எனக்குத் தெரியாது. கதையில் அந்த இடத்தை இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.