விதையிலிருந்து விதை வரை: பள்ளித் தோட்டங்களுக்கான கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வித் துறைக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் ஒவ்வோர் ஊரின் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும், அரசுப் பள்ளிப் பெற்றோரும் ஆசிரியரும் உழவருமாகிய நாங்கள் முன்வைப்பது:

பிள்ளைகளின் பசியறிந்து சோறு போட்ட மாநிலம் இது. 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று அந்தத் தட்டு நிறைந்துவந்தது. ஆனால் தட்டில் விழும் வெண்டைக்காய் எப்படிக் காய்க்கிறது என்று தெரியாத பிள்ளைகள் இன்று கிராமத்துப் பள்ளியிலும் இருக்கிறார்கள். பள்ளிதோறும் ஊட்டச்சத்துத் தோட்டம் போட 2019இலேயே ஒன்றிய அரசு வழிகாட்டுதல் தந்தது. பல இடங்களில் அது விழா நாளில் மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதோடு முடிந்துபோகிறது.

எங்களில் ஒருவர் பாடம் நடத்தும் பள்ளியில், நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கொட்டாங்குச்சியில் அவரை விதை போட்டாள். முளைத்ததா என்று தினமும் மண்ணைக் கிளறினாள், முளை ஒடிந்தது. அடுத்த விதையைக் கிளறாமல் விட்டாள். ஐந்தாம் நாள் காலை, வளைந்த தண்டு இரண்டு பருப்பையும் தலையில் சுமந்து மண்ணைப் பிளந்து நின்றது. யாரும் சொல்லாமலே அதை வெயில் படும் இடத்துக்கு நகர்த்தினாள். கிளறாமல் காத்திருப்பது ஒடிந்த முளை சொல்லித்தந்த பாடம். எல்லாப் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. பட்டம் பார்த்துப் பாடவேளை. ஜூனில் பள்ளி திறந்ததும் மண்ணைப் பதப்படுத்தி, ஆடிப்பட்டத்தில் விதைத்து, தைக்குள் விதை எடுத்துவிடலாம். 1 முதல் 8 வரை எல்லா வகுப்புக்கும் வாரம் இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். இதற்கு மதிப்பெண் வேண்டாம்.

2. நாட்டு விதை. வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாய்ச்செடி போல வராது. ஆடி பிறக்கும் முன்பே நாட்டுக் கத்தரி, வெண்டை, அவரை, கீரை விதைகள் பள்ளிக்கு வந்து சேர வேண்டும். மருந்து பூசிய விதை எதுவும் பிள்ளைகள் கையில் படக் கூடாது.

3. நீரும் இடமும். தட்டுக் கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் திருப்புங்கள். நிலமில்லாத நகரத்துப் பள்ளிக்கு மாடியும் வளர்ப்புப் பையும் போதும். கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஊராட்சியோ மாநகராட்சியோ ஆள் போட வேண்டும்.

4. கற்றுத்தர உழவர். பொடிப்பொடியான கீரை விதையை மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும் என்று ஊரில் ஒரு பாட்டிக்குத் தெரியும். அவரைப் பள்ளிக்கு அழைத்து மதிப்பூதியம் கொடுங்கள். ஆசிரியர் தலையில் இன்னொரு பதிவேட்டைச் சுமத்தாதீர்கள்.

5. விளைந்தது பிள்ளைகளுக்கே. விளைச்சல் சத்துணவுக் கூடத்துக்குப் போக வேண்டும். தோட்டம் இருக்கிறது என்று காரணம் காட்டிக் காய்கறிச் செலவில் ஒரு பைசாவும் குறைக்கக் கூடாது.

6. தண்டனையாக்காதீர்கள். தாமதமாக வந்தவனைக் களை பிடுங்கவிடுவது மண்ணையே வெறுக்கவைக்கும். சாதி பார்த்தோ, ஆண் பெண் பார்த்தோ வேலை பிரிக்கும் பள்ளி மீது நடவடிக்கை வேண்டும்.

7. விதைப் பெட்டி. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், 2 கிலோ பாரம்பரிய நெல் விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தந்தார். அதே வழக்கம் பள்ளிக்கும் வரட்டும். முதல் காய்களில் சிலவற்றைப் பறிக்காமல் முற்றவிட்டு, உலர்த்தி, சாம்பல் கலந்து வைத்து, கீழ் வகுப்புக்கு இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போகட்டும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் உறுதி சொல்கிறோம்: வீட்டில் எடுத்துவைத்த விதையில் ஒரு பிடி பள்ளிக்குத் தருவோம், பாத்தி கட்டவும் வேலி போடவும் வருவோம், முளைக்காத விதைக்காக எந்தப் பிள்ளையையும் திட்ட மாட்டோம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள் பெரியவர்கள். பட்டம் தவறினால் ஒரு வகுப்புக்கு ஓராண்டு போய்விடும். ஆகவே ஆடி பிறப்பதற்குள் அரசாணை வேண்டும்.