எண்ணெய் ஊற்றினால் போதுமா?

மாருதி 800 கார் 1983-ல் வந்தது. 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. ஆனாலும் பல வீடுகளில் அந்தக் கார் இன்னும் ஓடுகிறது.

அதன் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் உண்டு. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் குழாய் வழியே செல்லும். 'காலிப்பர்' என்ற கவ்வியில் உள்ள பிஸ்டனை அது தள்ளும். பிரேக் பேடுகள் சுழலும் தட்டை இறுகப் பிடிக்கும். கார் நிற்கும்.

பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. நாளடைவில் அது கெட்டுப்போகும். பிஸ்டனும் துருப்பிடிக்கும். உடனே ஆயில் கசியும். சக்கரத்தின் உட்புறம் ஈரமாகத் தெரியும்.

பலர் என்ன செய்கிறார்கள்? டப்பாவில் கொஞ்சம் ஆயிலை ஊற்றிவிட்டுப் புறப்படுகிறார்கள். இது தவறு! ஓட்டைக் குடம் ஒழுகினால் தரைதான் நனையும். பிரேக் ஒழுகினால் உயிர் போகும்.

காரை நிறுத்திவிட்டு, நல்ல மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். பிஸ்டனில் துருக்குழி இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பெட்ரோலில் கழுவக்கூடாது, ரப்பர் உப்பிவிடும். ஆயிலில் ஊறிய பேடுகளைத் துடைத்து மாட்டக்கூடாது. இரண்டு பக்கமும் புதிது போட வேண்டும்.

கடைசியில் குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் பெடல் மெத்தென்று இறங்கும். பிரேக் சரியாகப் பிடிக்காது.

சின்ன ரப்பர் வளையம்தான். அதை நம்பித்தான் மனைவியும் மக்களும் காரில் ஏறுகிறார்கள்.

ஓடாத காரால் ஆபத்து இல்லை. நிற்காத காரால்தான் ஆபத்து!