ஏணி கேட்பவர்களே, உங்கள் மாடியின் ஹோஸ் பெட்டியைத் திறந்து பார்த்ததுண்டா?



எங்கோ ஒரு நாட்டில் மாடிக் கட்டடம் எரியும் வீடியோ ஒன்று போன வாரம் எமது வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றியது. கீழே வந்த கொமண்டுகளையும் பார்த்தோம். "ஏணி எங்கே?" "ஹெலிகொப்டர் எங்கே?" "தீயணைப்புப் படை கீழே நின்று வேடிக்கை பார்க்கிறது." எமது ஊர்ச் சகோதரர் ஒருவர் ஒரு படி மேலே போய், "கொழும்பில் அறுபது மாடி கட்டத் தெரிந்தவர்களுக்கு அறுபது மாடிக்கு ஏணி வாங்கத் தெரியாதா?" என்று கேட்டிருந்தார். லைக் குவிந்திருந்தது.

ஒரு காலத்தில் நாமும் அப்படித்தான் நினைத்தோம். இப்போது இல்லை. இந்த ஏணிக் கதை எம்மை ஏமாற்றுகிறது என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு. நீளமானது. பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள், மற்றவர்கள் கடைசிப் பந்தியையாவது வாசியுங்கள்.

முதலில் கணக்கு. 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கட்டடம் எரிந்தபோது அந்நகரத் தீயணைப்புப் படையிடம் இருந்த மிக உயரமான ஏணி 32 மீற்றர். கட்டடம் 67 மீற்றர். பிறகு 64 மீற்றர் ஏணிகளை வாங்கினார்கள், நல்லது. ஃபின்லாந்தில் செய்யப்படும் மிகப் பெரிய ஏணிமேடை 112 மீற்றர். கொழும்பின் மிக உயரமான குடியிருப்புக் கட்டடமோ 240 மீற்றர். அந்த வண்டியை வாங்கி வந்து, காலி முகத்திடல் வீதி நெரிசலையும் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினாலும் பாதி உயரம்கூட எட்டாது. கீழ் மாடியில் ஜன்னலோரம் நிற்பவரை இறக்க ஏணி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இருபதாம் மாடி அறைக்குள் எரியும் நெருப்பை அணைப்பது ஏணி அல்ல. படிக்கட்டால் ஏறிப் போகும் ஒரு மனிதனின் தோளில் மடித்துக் கட்டிய ஹோஸ்தான் அணைக்கிறது. வீடியோவில் "வேடிக்கை பார்க்கிறார்கள்" என்று நாம் திட்டிய நேரத்தில் அவர்களுடைய ஆட்கள் உள்ளே ஏறிக்கொண்டிருப்பார்கள். கெமராவுக்கு அது தெரியாது.

இதை எமக்குக் காட்டித் தந்தவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர். பாடசாலையில் தீ ஒத்திகை நடத்தும் பொறுப்பு எம் தலையில் விழுந்தபோது அவரை அழைத்தோம். நாமெல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டோம். வந்தவர் விரிவுரை எதுவும் செய்யவில்லை. ஒரு ஹோஸை மேசையில் போட்டார். விளையாட்டுப் பாட ஆசிரியரைப் பார்த்து, "சேர், இதத் தோள்ல போட்டுக்கிட்டு மூணாம் மாடிக்குப் போங்களேன் பாப்பம்" என்றார். எமது சேர் நல்ல தேகக்கட்டு உள்ளவர். மேலே போய்ச் சேர்ந்தார். ஆனால் அங்கே விரித்தபோது ஹோஸ் படிக்கட்டுக் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் முறுக்கி, வாய்ப்பகுதி அடியில் மாட்டிக்கொண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. "இப்ப புகை இல்ல, வெளிச்சம் இருக்கு, தண்ணியும் இல்ல" என்றார்.

பிறகுதான் மடிப்பைச் சொல்லித் தந்தார். தீயணைப்பு ஹோஸ் தோட்டத்துக் குழாய் போல உருண்டையாக இருக்காது, தண்ணீர் வரும்வரை பட்டி போலத் தட்டையாகக் கிடக்கும். களஞ்சியத்தில் வைக்கும்போது வட்டமாகச் சுருட்டி வைப்பது வசதி. ஆனால் சுருளை உருட்டி விரிக்க நீண்ட தரை வேண்டும், படிக்கட்டில் அது கிடையாது. ஆகவே மாடிக்குக் கொண்டு போகும் ஹோஸை, சாரத்தை மடித்து அடுக்குவது போல முன்னும் பின்னுமாக மடித்து, பட்டியால் கட்டித் தோளில் ஏற்றுகிறார்கள். நொசில் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மறுமுனைக் கப்ளிங் வெளியே தெரிய வேண்டும். கட்டிய பட்டி இருட்டில், தடித்த கையுறையோடு, ஒரே இழுவையில் கழர வேண்டும். வளையத்தின் மேல் வளையமாக அடுக்கி, ஒரு சின்ன நடைத்தளத்துக்குள்ளேயே தண்ணீர் ஏற்றக்கூடிய இன்னொரு முறையும் உண்டு. எந்த முறையானாலும் மடித்தவன் சரியாக மடித்திருந்தால்தான் மேலே விரிப்பவன் உயிரோடு வருவான். மடிப்பவன் கீழே நிலையத்தில், சாதாரண ஒரு நாளில், எவரும் பார்க்காத நேரத்தில் மடிக்கிறான்.

மேலே போனதும் நேரே நெருப்புக்குள் ஓடுவதில்லை. நெருப்பு 12ஆம் மாடி என்றால் 11ஆம் மாடியில், புகை இல்லாத இடத்தில், கட்டடத்தின் சொந்தக் குழாயில் ஹோஸை இணைக்கிறார்கள். படிக்கட்டு ஓரமாகச் சிவப்பு நிறத்தில் கீழிருந்து உச்சிவரை போகுமே, அந்த ரைசர்தான். இணைக்குமுன் வால்வைத் திறந்து சற்றுத் தண்ணீரை வெளியே விட்டுப் பார்க்கிறார்கள். துரு, கல், சில வேளை யாரோ திணித்த குப்பையும் வரும். பின்னர் மிஞ்சும் ஹோஸ் நீளத்தை நெருப்பு மாடிக்கும் மேலே உள்ள படிகளில் ஏற்றி, வளைத்து இறக்குகிறார்கள். தண்ணீர் நிரம்பிய ஹோஸை மேல்நோக்கி இழுப்பதைவிடக் கீழ்நோக்கி இழுப்பது இலகு. அவ்வளவுதான் சூட்சுமம். மடிப்பு முழுவதும் விரிந்த பிறகே தண்ணீர். முன்னதாகத் திறந்தால் எமது விளையாட்டுச் சேரின் முடிச்சு கல்லாகிவிடும்.

பாரத்தைத் தரம் 10 பிள்ளைகளிடமே உருளையின் கனவளவுக் கணக்காகக் கொடுத்தோம். 2½ அங்குல விட்டம், 50 அடி நீளம். உள்ளே நிற்கும் தண்ணீர் 48 லீற்றர், அதாவது 48 கிலோ. மூன்று துண்டு இணைத்தால் 144 கிலோ. மெல்லிய ஹோஸ் கொண்டு போகலாமே என்று ஒரு பிள்ளை கேட்டது, நல்ல கேள்வி. 1¾ அங்குல ஹோஸால் அதே அளவு தண்ணீரை அனுப்பினால் உராய்வில் இழக்கும் அழுத்தம் ஏறக்குறைய எட்டு மடங்கு. மாடியில் அழுத்தம்தான் அரிது. ஒவ்வொரு 10 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் போய்விடும். 240 மீற்றருக்குத் தண்ணீரைத் தூக்கவே 24 பார். அதனால்தான் உயர்ந்த கட்டடங்களுக்குள் பம்பி, இடைத்தாங்கி, வால்வு என்று எல்லாம் வைக்கிறார்கள். அந்தப் பம்பியும் வால்வும் பராமரிக்கப்படாவிட்டால் தீயணைப்பு வீரன் தோளில் சுமந்து போவது வெறும் துணி.

மிகைப்படுத்தவில்லை. 1991 பெப்ரவரி 23, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம். மரப் பலகைகளுக்கு மெருகேற்றிய வேலையாட்கள் எண்ணெய் ஊறிய துணிகளை விட்டுப் போனதால் 22ஆம் மாடியில் நெருப்பு. வீரர்கள் ஹோஸோடு ஏறினார்கள், ரைசரில் இணைத்தார்கள். நொசிலில் வந்தது ஒழுகல். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகளைப் பொருத்தியவர்கள் பிழையான அளவில் வைத்திருந்தார்கள், அதைத் திருத்த விசேட கருவி வேண்டியிருந்தது. மின்சாரமும் போய்விட்டது. கடைசியில் 5 அங்குலப் பெரிய ஹோஸைக் கீழிருந்து படிக்கட்டு வழியே கையால் இழுத்து ஏற்றினார்கள். மூன்று வீரர்கள் 28ஆம் மாடியில் சுவாசக் காற்றுத் தீர்ந்து இறந்தார்கள். எத்தனையோ மாடிகளைத் தின்ற அந்த நெருப்பை 30ஆம் மாடியில் நிறுத்தியவை கூரையில் பொருத்தியிருந்த பத்து ஸ்பிரிங்ளர்கள்.

2007 ஓகஸ்ட் 18, நியூயோர்க்கில் இடித்துக்கொண்டிருந்த டொயிச் வங்கிக் கட்டடத்திலும் அதே கதை. நிலக்கீழ்த் தளத்தில் ரைசரின் ஒரு துண்டையே கழற்றிவிட்டிருந்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மேலே தண்ணீர் இல்லை. வெளிப்புறமாகக் கயிறு கட்டி ஹோஸை இழுத்தார்கள். இரண்டு வீரர்கள் போனார்கள். இவை பணமில்லாத நாடுகள் அல்ல. ஏணிக்குக் குறைவில்லாத நகரங்கள்.

கிரென்ஃபெல்லை நாம் மறக்க மாட்டோம், அது நடந்தது ரமழானில். ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அயலவர்களின் கதவைத் தட்டி எழுப்பிய செய்தியை நாமெல்லோரும் பெருமையோடு பகிர்ந்தோம். 72 பேர் இறந்த அந்த நெருப்பின் முதற் குற்றவாளி கட்டடத்தின் வெளியே ஒட்டிய எரியக்கூடிய பலகை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாம் எவரும் பகிராத இன்னொன்று விசாரணை அறிக்கையில் இருக்கிறது. 24 மாடிக்கும் ஒரே படிக்கட்டு. மக்கள் இறங்கவும் அதுதான், ஹோஸ் ஏறவும் அதுதான். ஹோஸ் போகும் கதவை மூட முடியாது, அந்த இடைவெளியால் படிக்கட்டுக்குள் புகை வந்தது. அப்படியென்றால் மூடியிருக்க வேண்டிய கதவுக்குக் காற்றுக்காகச் செங்கல் வைப்பவர்களை என்ன சொல்வது? எமது கட்டடத்தில் அப்படி நான்கு கதவுகள்.

இன்னொரு படம். 2019 மார்ச் 28, டாக்காவின் பனானியில் 22 மாடிக் கட்டடம் எரிந்தது, இருபத்தைந்து பேருக்கு மேல் மரணம். வீதியில் ஒழுகிய தீயணைப்பு ஹோஸைப் பொலித்தீனால் சுற்றி, இரு கையாலும் அழுத்திக்கொண்டு ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். உலகமே அந்தப் படத்தைப் பகிர்ந்தது. மாஷா அல்லாஹ் என்று நாமும் எழுதினோம். அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் நற்கூலி கொடுப்பானாக. ஆனால் ஹோஸ் ஏன் ஒழுகியது என்று நாம் கேட்கவில்லை. வீரச்செயலை ஷெயார் பண்ணுகிறோம், ஓட்டை ஹோஸை யாரும் ஷெயார் பண்ணுவதில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். நானா சொன்னதைக் கேட்ட பிறகு நாம் குடியிருக்கும் தொடர்மாடியில் மேலிருந்து கீழாக நடந்து பார்த்தோம். மூன்றாம் மாடிப் பெட்டிக்குள் தும்புத்தடியும் வாளியும். ஆறாம் மாடியில் ஹோஸ் இருக்கிறது, கட்டிய நாளிலிருந்து மடிப்பு மாற்றாததால் மடிந்த இடங்களில் வெடித்திருக்கிறது. இரண்டு இடங்களில் பித்தளைக் கப்ளிங்கைக் காணோம், இரும்புக் கடைக்குப் போயிருக்கும். எட்டாம் மாடிப் பெட்டிக்குப் பூட்டு. கீழே தீயணைப்பு வண்டி ரைசருக்குத் தண்ணீர் ஏற்றும் வாய்க்கு முன்னால் மூன்று மோட்டார் சைக்கிள். பெட்டிகள் மட்டும் போன வருடம் அழகாகச் சிவப்புப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தன.

முகாமைத்துவக் குழுவிடம் போனோம். "கட்டும்போதே சான்றிதழ் எடுத்தாச்சே சேர்" என்றார்கள். திறந்து வைத்தால் களவு போகுமாம். தீயணைப்புப் பிரிவை அழைத்து ஒரு நாள் எமது படிக்கட்டில் ஹோஸ் ஏற்றிப் பழகச் சொல்வோமா என்றதற்கு, சுவர் அழுக்காகும் என்றார்கள். பெரியவர் ஒருவர், "அல்லாஹ்ட பாதுகாப்பு இருக்கு தம்பி, கத்ர்ல உள்ளதுதான் நடக்கும்" என்றார். ஹாஜியார், அல்லாஹ்வின் பாதுகாப்பில் எமக்கும் ஈமான் உண்டு. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவது எந்த மார்க்கம்? மாதம் தவறாமல் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறீர்கள். லொபியில் மாபிள் மாற்றக் காசு இருந்தது.

குழுவை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. எமது சப்பாத்துத் தட்டும் போன மாதம்வரை படிக்கட்டில்தான் இருந்தது. புகைக்குள் மடிப்பு ஹோஸோடு ஏறும் ஒருவரின் கால் முதலில் தடுக்குவது அதில்தான். உள்ளே எடுத்துவிட்டோம். பக்கத்து வீட்டுச் சைக்கிள் இன்னும் நிற்கிறது.

பெரிய நெருப்புக்குள் ஹோஸைத் தூக்கிக்கொண்டு நாமே ஓட வேண்டும் என்று இங்கே சொல்லவில்லை. அது பயிற்சி உள்ளவர்களின் வேலை, நாம் கதவை மூடிவிட்டு இறங்க வேண்டும். அவர்கள் ஏறி வரும்போது படி வெறுமையாகவும் வால்வு திறக்கக்கூடியதாகவும் குழாயில் தண்ணீர் உள்ளதாகவும் இருக்க வேண்டும். அது குடியிருப்பவர்களின் வேலை, ஏணி வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு.

வரும் ஞாயிறு லுஹருக்குப் பிறகு எல்லா மாடிப் பெட்டிகளையும் திறந்து படமெடுத்துக் குழுவுக்குக் கொடுக்கப் போகிறோம். நானாவும் வருகிறார், இன்ஷா அல்லாஹ். மோட்டார் சைக்கிள்காரர்கள் அன்று காலையே வண்டியை எடுத்துவிடுங்கள். எட்டாம் மாடிப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறதென்று செக்கியூரிட்டிக்கும் தெரியவில்லை, குழுவுக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கொமண்டில் சொல்லுங்கள்.