ஏசிக்கு முன்னாடி மொட்டை மாடியைப் பாருங்க

ஹாஸ்டல்ல மேல் மாடி ரூம் கிடைச்சவங்களுக்குத் தெரியும், ராத்திரி 11 மணிக்கும் சீலிங் சுடும். பகல் முழுக்க வாங்கின வெயிலை கான்கிரீட் ராத்திரிதான் திருப்பித் தருகிறது. ஃபேன் அந்தச் சூட்டையே சுத்தி விடுது.

உடனே ஏசி கேட்கிறோம். அந்த கரண்ட் பில் கடைசியில் நம்ம ஃபீஸ்லதான் வந்து நிற்கும். சூட்டை உள்ளே விடாமல் தடுப்பதுதான் மலிவு. மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, மேற்கு ஜன்னலுக்கு நிழல், எதிரெதிரே காத்து வழி. கொசுவலையும் வேணும், இல்லாட்டி யாரும் ஜன்னலைத் திறக்க மாட்டாங்க. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் லாரி பேக்கர் செங்கல்களுக்கு நடுவே இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினார். நிழலும் காத்தும் சேர்ந்தே கிடைத்தது.

அடுத்தது ஃபேன். பழையது சுமார் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் சுமார் 30. ஒரு ஹாஸ்டலில் 300 ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடுதுன்னு வைங்க, மிச்சம் 200 யூனிட்.

நாம நாலு வருஷத்தில் கிளம்பிடுவோம். கட்டடம் பல தலைமுறைக்கு நிற்கும். புது பிளாக்குக்கு பிளான் போடும் முன்னாடி, மேல் மாடியில் இருக்கிறவங்களை ஒரு வார்த்தை கேளுங்க.