எழுபது வாட்டுக்காக வாதாடுகிறேன்

"சின்ன கிராபிக்ஸ் கார்டு வாங்குறது தண்டச் செலவு. வாங்கினா பெருசா வாங்கு, இல்லாட்டி ஆன்போர்டுலயே ஓட்டு." புதுச்சேரி லாஸ்பேட்டையில் சிஸ்டம் வைத்திருக்கும் பிள்ளைகளிடையே இது வேதவாக்கு மாதிரிப் புழங்குகிறது. தாகூர் கலைக் கல்லூரியும் மோதிலால் நேரு பாலிடெக்னிக்கும் இருக்கிற ஊர் இது. நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் மேசைமேல் இருப்பது ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ஒல்லி கேபினட் சிஸ்டம்தான். அந்த வீடுகளுக்கு இந்த அறிவுரை நல்லது செய்யவில்லை.

ஆன்போர்டே போதும் என்பது பாதி உண்மை. ஆட்டோகேடில் 2டி வரைபடம் போடுகிறவர் கார்டுக்கென்று ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். ஆனால் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் ப்ளெண்டரில் 3டி கற்றுக்கொள்கிறான். பழைய இன்டெல் ஆன்போர்டில் அதன் சைக்கிள்ஸ் ரெண்டரை ஜிபியுவுக்குத் தள்ளிவிட வழியே இல்லை. முழுச் சுமையும் பிராசஸர் தலையில்தான். ஒரே ஒரு பிரேமுக்காக இரவெல்லாம் ஃபேன் இரைந்துகொண்டிருக்க, அவன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தான். அவனிடம் போய் ஆன்போர்டு போதும் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

"இன்னும் பத்தாயிரம் சேர்த்துப் பெரிய கார்டா வாங்கிடு" என்பது அடுத்த யோசனை. கணக்கு அந்தப் பத்தாயிரத்தோடு நிற்காது. போர்டில் உள்ள ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்சிலிருந்து தனி ஒயர் வரவேண்டும். ஒல்லி கேபினட்டின் எஸ்எம்பிஎஸ்சில் அந்த ஒயர் பெரும்பாலும் இருக்காது. அதை மாற்றலாம் என்றால் அளவு வேறு, சிலவற்றில் போர்டுக்குப் போகிற கனெக்டரே வேறு. ஆர்டிஎக்ஸ் 4060 கேட்பது 115 வாட். அதை வாங்கினால் எஸ்எம்பிஎஸ், கேபினட், கடைசியில் போர்டு என்று ஒவ்வொன்றாக மாற்றி, புது சிஸ்டத்தின் விலைக்குப் போய் நிற்போம். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கேட்பது 70 வாட்தான். ஸ்லாட்டில் செருகினால் ஓடும். ஒல்லி கேபினட்டுக்கென்றே உயரம் குறைந்த வகையும் கிடைக்கிறது.

அதன் குறையையும் மறைக்கப் போவதில்லை. 2022இல் வந்த 8 ஜிபி 3050க்கு 2560 கோர், 128 பிட் மெமரிப் பாதை. இந்த 6 ஜிபி கார்டுக்கு 2304 கோர், 96 பிட். மெமரி மட்டும் குறைந்தது போலப் பெயரில் காட்டிவிட்டு, கார்டின் வலுவையே குறைத்திருக்கிறார்கள். இது தப்பு, வாங்குகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். புது கேம்களில் டெக்ஸ்சரைக் குறைத்துத்தான் ஆட முடியும்.

"அதே காசுக்கு செகண்ட் ஹேண்டில் பெரிய கார்டு கிடைக்குமே?" கிடைக்கும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. அவற்றில் எது எவ்வளவு உழைத்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புது கேம் டிரைவர் வருவதும் 2025 அக்டோபரோடு முடிந்தது. நம் ஊரில் கடல் காற்று வேறு. சில வருஷம் திறந்த கேபினட்டில் கிடந்த கார்டின் பிராக்கெட்டைத் தடவினால் விரலில் துரு ஒட்டும். அதைப் பார்த்த பிறகு பழைய கார்டை யாருக்கும் சிபாரிசு செய்ய எனக்கு மனசு வரவில்லை.

சின்ன கார்டே ஏமாற்று வேலை என்கிறவர்களின் கோபத்துக்கு மட்டும் நியாயமான காரணம் இருக்கிறது. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்றன. 2017இல் வந்தது ஜிடிடிஆர்5. மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. அடுத்த வருஷம் வந்த டிடிஆர்4 வகைக்கு 16.8 ஜிபி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். 2022இன் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னொரு வகை. போர்டோடு பேச அதற்கு நான்கே பாதைகள். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4 போர்டில் ஒருவாறு சமாளிக்கும். பழைய 3 போர்டில் போட்டால் அந்தப் பாதையின் வேகமும் பாதியாகிவிடும். 4 ஜிபி நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி நகரும். வீடியோ என்கோடரும் அதில் கிடையாது. பழைய சிஸ்டம் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது ஆகவே ஆகாது. ஆனால் இந்த இரண்டும் செய்த பாவத்தைச் சின்ன கார்டு எல்லாவற்றின் மேலும் ஏற்றிவிட்டார்கள்.

கார்டு வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்புமுன் கேபினட்டைத் திறந்து, ஸ்லாட்டையும் எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எத்தனை சென்டிமீட்டர் இடம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கடையில் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று சொன்னால், அட்டைப்பெட்டியைத் திருப்பி, மெமரி எந்த வகை, எத்தனை பிட் என்று அச்சடித்திருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.