பக்கத்து இருக்கைக்கு உரிய கல்வி

மோட்டார் வாகனம் ஓட்டக் கற்பிக்க முன்வரும் ஒருவருக்கு நம் நாட்டுச் சட்டம் விதித்திருக்கும் தகுதிகளை, இத்தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்த அன்பர்கள்கூட ஒருமுறை நிதானமாக எடுத்துப் படித்துப் பார்ப்பது நலம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24-ஆவது விதி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், ஐந்து ஆண்டுக்குக் குறையாத ஓட்டுநர் அனுபவமும், அரசாங்கம் நிறுவிய அல்லது அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் வாங்கிய மோட்டார் மெக்கானிக் சான்றிதழும், சாலைக் குறிகளைப் பற்றிய பூரண ஞானமும், வண்டியின் உறுப்புக்கள் இயங்கும் விதத்தைச் செய்துகாட்டி விளக்கும் ஆற்றலும், ஆங்கிலத்திலோ வட்டார மொழியிலோ போதிய பழக்கமும் வேண்டுமென்று கேட்கிறது. கேட்டவை யாவும் நியாயமானவையே. ஆனால், கியர்ப் பெட்டியை விளக்கத் தெரியுமா என்று வினவிய அந்த விதி, ஸ்டியரிங்கை முதன்முதலாகப் பற்றிக் கை நடுங்க உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைச் சந்தடி மிகுந்த சாலைக்குள் அழைத்துச் சென்று, அவர் அறிவிலும் கைகால்களிலும் அந்த வித்தை படியும்படி போதிக்கத் தெரியுமா என்று எந்த இடத்திலும் வினவவில்லை. பழகுநர் வண்டியில் எழுதவேண்டிய சிவப்பு எழுத்து 10 சென்டிமீட்டர் உயரமும் 2 சென்டிமீட்டர் கனமும் இருக்கவேண்டுமென்று அத்தனை நுட்பமாக அளந்து சொன்ன அதே விதிகளில், அந்த வண்டிக்குள் அமரும் உபாத்தியாயரின் போதனா சக்தியை அளக்க ஒரு பிரமாணம் இல்லாதிருப்பது நம் தொழிலின் பெருங்குறை என்றே நாம் கருதுகிறோம்.

இக்குறையின் விளைவை நம் பள்ளிகளில் நாள்தோறும் காண்கிறோம். லாரியிலும் பேருந்திலும் வாடகைக் காரிலும் அரை ஆயுளைக் கழித்த ஒருவர், இரவுப் பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத வயதில், தெரிந்தவர் நடத்தும் பயிற்சிப் பள்ளியில் வந்து சேருகிறார். திங்கட்கிழமை காலை சாவியை வாங்கிக்கொள்கிறார். அந்த நாழிகையிலேயே ‘மாஸ்டர்’ ஆகிவிடுகிறார். அவருடைய சாரத்திய நிபுணத்துவத்தில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நெடுங்காலப் பழக்கத்தினால் கைக்கும் காலுக்கும் இறங்கிவிட்ட வித்தை, நாவுக்கு ஏறி வருவது அத்தனை சுலபமன்று. ஹாஃப் கிளட்ச் என்பதையே எடுத்துக்கொள்வோம். “மெதுவா விடுங்க, மெதுவா விடுங்க” என்று எத்தனை தரம் சொன்னாலும் மாணாக்கர் காலை வெடுக்கென்று எடுத்துவிடுகிறார், வண்டி குலுங்கி நின்றுவிடுகிறது. மாஸ்டருக்குக் கோபம் வருகிறது. மெதுவாக என்றால் எதுவரை என்பதல்லவா அந்த மாணாக்கருக்குத் தெரியவேண்டியது? கிளட்ச் கவ்வத் தொடங்கும் அந்தக் கணத்தில் எஞ்சினின் சத்தம் சற்றுத் தாழ்கிறது, வண்டியின் முகப்பு மயிரிழை நிமிர்கிறது, பெடலின் வழியே உள்ளங்காலுக்கு ஓர் அதிர்வு வருகிறது. இம்மூன்றையும் தனித்தனியே காட்டி, அங்கே காலை இரண்டு விநாடி அசையாமல் நிறுத்தச் சொல்லி, வண்டி தானாக நகரத் தொடங்குவதை உணரவைத்துப் பிறகு மீதியை விடச் சொன்னால், ஒரு காலைப்பொழுதில் அந்தப் பாடம் முடிந்துவிடும். இதைச் சொல்லும் திறமை, இருபது வருஷம் கிளட்ச் மிதித்த அனுபவத்தினால் மட்டும் வருவதில்லை. தன் கால் செய்யும் காரியத்தைத் தானே வெளியில் நின்று பார்த்துப் படித்தவருக்கே வருகிறது.

இனி, நம் இருக்கைக்கு முன்னுள்ள இரண்டாவது பெடலைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். மோட்டார் சைக்கிள் நீங்கலாகப் பயிற்சி வாகனம் எதுவாயினும், அதனை ஆசிரியர் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ உதவும் இரட்டைக் கட்டுப்பாடு பொருத்தப்பட்டிருக்கவேண்டும் என்பது விதி. பிராணனைக் காக்கும் ஏற்பாடு அது. கிணற்றில் நீச்சல் பழக்கும் பெரியவர்கள் பிள்ளையின் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டும்போதே, அதை எந்த நாளில் அவிழ்ப்பது என்பதையும் மனத்தில் கணக்கிட்டுக்கொள்வார்கள். நம்மில் பலர் அந்தக் கணக்கையே போடுவதில்லை. முதல் நாள் கிளட்சின்மீது வைத்த காலை இருபத்தோராம் நாளும் எடுக்காமல், மாணாக்கர் அறியாதபடி தாமே மிதித்தும் விடுத்தும் வண்டியை நயமாகச் செலுத்திக்கொண்டு போகிறார்கள். மாணாக்கரோ அந்த நயம் தம்முடையதென்று நம்பி மகிழ்கிறார். பிறகு சொந்தக் காரில், ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில், முன்னே சிக்னலும் பின்னே பேருந்துமாக நிற்க நேரும்போது, வண்டி பின்னோக்கி உருளுகிறது; பக்கத்து இருக்கையில் கால் இல்லை. அந்த வேளையில் அவர் அனுபவிக்கும் திகிலுக்கு, அவரிடம் உண்மையை மறைத்த ஆசிரியரே பொறுப்பாளி. ஆசிரியர் பெடலைத் தொட்ட ஒவ்வொரு முறையும், வண்டியை ஓரமாக நிறுத்தியபின், “இந்த இடத்தில் நான் பிரேக் போட்டேன், ஏன் போட்டேன் என்று சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்பது நம் தொழிலின் அடிப்படை தர்மமாகவேண்டும்.

பெடலைத் தொடாமலிருப்பதற்கு வாக்கு முந்திக்கொள்ளவேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டருக்குச் சற்று அதிகமாகவே ஓடிவிடுகிறது. நாமே ஓட்டும்போது, கண் கண்டவுடன் கால் இயங்குகிறது. கற்பிக்கும்போதோ, நம் கண் காணவேண்டும், அதை நாம் சொல்லாக்கவேண்டும், அச்சொல் மாணாக்கரின் காதில் விழுந்து பொருள்பட வேண்டும், எந்தக் கால் எந்தப் பெடலில் இருக்கிறதென்று அவர் நினைத்துப் பார்க்கவேண்டும், பிறகே கால் நகரவேண்டும். இதற்கெல்லாம் இரண்டு விநாடிதான் கூடுதலாகச் செலவாகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் 22 மீட்டர் கழிந்துவிடுகிறது. ஆகையால் தாம் ஓட்டினால் எந்த இடத்தில் பிரேக் போடுவாரோ, அந்த இடத்துக்கு வெகு முன்பாகவே ஆசிரியர் பேசி முடித்திருக்கவேண்டும். இந்த முன்நோக்கு, நல்ல ஓட்டுநருக்கு வேண்டியதினும் நல்ல ஆசிரியருக்குப் பன்மடங்கு வேண்டும். அன்றியும் நம் நாட்டில் ஆசிரியர் அமர்வது இடப்பக்கத்தில். வண்டியின் வலப்புற விளிம்பும் வலப்புறக் கண்ணாடியும் அவருக்குச் சரியாகப் புலப்படுவதில்லை. முந்தும் மோட்டார் சைக்கிள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. தமக்கென்று தனியாக ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொள்வதும், மாணாக்கரின் கண் கண்ணாடியை நோக்கிப் போகிறதா என்று ஓரக்கண்ணால் கவனிப்பதும், இடப்பக்கம் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் பழகியவர்களிடமிருந்து புதியவர்கள் கேட்டறியவேண்டிய நுட்பங்கள்.

சொல்லும் தொனியும் இதனோடு சேர்ந்ததே. பயம் பார்வையைச் சுருக்கிவிடுகிறது என்பதை நாம் அனைவரும் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறோம். அதட்டப்பட்ட மாணாக்கரின் கண் சாலையின் தூரத்தை விட்டு வண்டியின் முகப்பிலேயே ஒட்டிக்கொள்ளும், கை இறுகும், வண்டி நெளியும். நாற்பது வயதுக்குமேல் துணிந்து கற்க வரும் தாய்மார்களை, மூன்றாம் பேர்வழிகள் பின்னிருக்கையில் கேட்டுக்கொண்டிருக்க ஒருமையில் அதட்டும் வழக்கம் சில பள்ளிகளில் இன்றும் இருப்பதாக அறிந்து வருந்துகிறோம். இளைஞரானாலும் முதியவரானாலும் ‘நீங்கள்’ என்றே விளிக்கவேண்டும். பெண் ஆசிரியர்கள் இத்தொழிலுக்கு இன்னும் அதிகமாக வரவேண்டும் என்பதும் நம் திடமான அபிப்பிராயம்.

தனியார் வாகனப் பயிற்சிக்கு 31-ஆவது விதி குறிக்கும் காலம் 21 நாளுக்குக் குறையாதது. அதில் வண்டி ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையலாகாது. நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஓட்டினால் 21 நாளில் பத்தரை மணி ஆகிறது. நம் பள்ளிகளின் அரைமணி வழக்கம் இந்தக் கணக்குக்குச் சரியாகவே பொருந்துகிறது. ஆனால் மூவரை ஒரே காரில் ஏற்றி, ஒரு மணி நேரத்தை மூவருக்கும் பங்கிட்டு, அதிலும் ஒருவரை வீட்டில் விடவும் மற்றொருவரை அழைக்கவும் போகும் நேரத்தைக் கழித்தால், மிஞ்சுவது அரைமணி அன்று. பயிற்சி நேரத்தைப் பதியும் படிவம் 15-இல் மணிக்கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். மாணாக்கரின் கையிலும் காலிலும் அந்த மணிகள் இரா. சோதனை மைதானத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் செய்யவேண்டியவற்றை மட்டும் நெட்டுருப் போடவைத்து அனுப்புவதும் இதைச் சேர்ந்த பிழைதான். எட்டுப் போடத் தெரிந்த பையன், மழையிரவில் எதிர்விளக்கு கண்ணைக் கூசவைக்கும்போது பார்வையை எங்கே வைப்பதென்று அறியாதிருப்பானாயின், பயிற்சிச் சான்றிதழாக நாம் கொடுத்த படிவம் 5 எதற்குச் சாட்சி?

பிரிட்டனில் ஓட்டுநர் சோதனை 1935 ஜூன் முதல் நாள் கட்டாயமாயிற்று. கட்டணம் வாங்கிக் கார் ஓட்டக் கற்பிப்போர் அரசாங்கப் பதிவேட்டில் இடம்பெற வேண்டுமென்ற கட்டாயமோ 1970-இல்தான் வந்தது. ஓட்டுபவரைச் சோதித்தால் போதாது, ஓட்டக் கற்பிப்பவரையும் சோதிக்கவேண்டும் என்று உணர அந்நாட்டுக்கே முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. இன்று அங்கே ஆசிரியராக விரும்புவோர் மூன்று தேர்வுகளைக் கடக்கிறார்கள்: முதலாவது ஏட்டறிவு, இரண்டாவது ஓட்டும் திறன், மூன்றாவது கற்பிக்கும் திறன். இம்மூன்றாவதில் தேர்வாளர் பின்னிருக்கையில் அமர்ந்து, உண்மையான ஒரு மாணாக்கருக்கு உண்மையான ஒரு பாடம் நடப்பதைப் பார்த்து, பாடத்தைத் திட்டமிடுதல், ஆபத்தைக் கையாளுதல், கற்பிக்கும் உபாயங்கள் என்னும் பிரிவுகளின்கீழ் 17 அம்சங்களுக்கு மதிப்பெண் இடுகிறார். ஆபத்தைக் கையாளும் பிரிவில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர், மற்றவற்றில் எத்தனை சிறந்தாலும் தேறமாட்டார். அந்நாட்டுச் சாலையும் நம் சாலையும் ஒன்றல்ல. ஆயினும் அந்த மூன்றாவது தேர்வுக்கு ஈடான ஒன்று நம்மிடம் இல்லையே என்ற எண்ணம் நம்மை விட்டு நீங்குவதில்லை.

இந்த எண்ணத்துக்கு இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் இலகுரக வாகனப் பாடம் நான்கு வாரங்களில் 29 மணி நேரம் நடைபெறவேண்டும். 8 மணி ஏட்டுப் பாடம், 21 மணி செய்முறை. அங்கே தேறியவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மறுபடியும் ஓட்டிக் காட்டும் சோதனை கிடையாது. சமநிலப் பகுதியில் இரண்டு ஏக்கர் நிலமும் சிமுலேட்டரும் சோதனைப் பாதையும் கேட்கும் அந்த மையங்களை, ஒரு காரும் ஓர் அறையும் வைத்து நடத்தும் சிறு பள்ளிகள் அச்சத்தோடு நோக்குவது இயல்பே. ஆனால் அதைவிட முக்கியமானது, ஆய்வாளரின் கண்ணுக்குப் பதிலாக ஆசிரியரின் மனச்சாட்சியே கடைசிச் சோதனையாக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது. அத்தகைய பொறுப்பை ஏற்பவருக்குப் போதனா முறையில் தனிப் பயிற்சி அளிக்காமல் விடுவது எவ்வகையிலும் பொருந்தாது.

சென்னை தரமணியில் சாலைப் போக்குவரத்து நிறுவனமும், கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர்களைத் தயாரிக்கும் அதன் பயிற்சி நிலையமும் நமக்கு இருக்கின்றன. ஆசிரியர்களுக்கென்று ஒரு குறுகியகாலப் பாடத்தை அங்கே தொடங்கவேண்டுமென்று அரசாங்கத்தை நாம் கேட்டுக்கொள்கிறோம். அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. புதிதாகச் சேரும் ஆசிரியரை முதல் மாதம் பின்னிருக்கையில் உட்காரவைத்து மூத்தவரின் பாடங்களைக் கவனிக்கச் செய்வதும், அடுத்த மாதம் இடம் மாறி, புதியவர் போதிக்க மூத்தவர் பின்னிருந்து கவனிப்பதும் எந்தச் சிறு பள்ளிக்கும் இயலக்கூடிய காரியங்கள். அந்த இரண்டு மாதத்துக்கும் புதியவருக்குப் பாதிச் சம்பளமேனும் கொடுக்கப் பள்ளி உரிமையாளர்கள் மனம் இசையவேண்டும். மாணாக்கரின் தலையைக் கணக்கிட்டுக் கூலி கொடுக்கும் வழக்கம் நீடிக்கும் வரை, ஒருவருக்கு அரைமணி ஒதுக்கவேண்டுமென்று ஆசிரியரிடம் உபதேசிப்பதில் நியாயமில்லை.

அடுத்த இதழிலிருந்து, அன்பர்கள் எழுதியனுப்பும் பாடக்குறிப்புகளுக்குச் சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். ஒரே ஒரு மாணாக்கரை எடுத்துக்கொண்டு, முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை, தாங்கள் பக்கத்துப் பெடலைத் தொட்ட சந்தர்ப்பங்களையும், தொட்ட இடத்தையும் காரணத்தையும், அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து அனுப்பவேண்டுகிறோம். மாணாக்கரின் பெயரும் முகவரியும் வேண்டாம். வயது, அவர் முன்பு சைக்கிளோ ஸ்கூட்டரோ ஓட்டியவரா என்பது, பழகிய சாலையின் தன்மை ஆகியவை போதும். தொட்ட தடவை நாளுக்கு நாள் குறையாமல் நின்றுவிட்ட குறிப்புகளையும் தயங்காமல் அனுப்புங்கள். எந்தப் பாடத்தில் குறையாமல் நின்றது என்பதை மூத்த ஆசிரியர்களின் விளக்கத்தோடு சேர்த்தே வெளியிடுவோம்.